மச்சானுக்குச் சம்பளம் உண்டா?

குணசேகரனிடமிருந்து போன் வந்தால் நான் முதலில் உட்கார்ந்துகொள்வேன். பிறகுதான் எடுப்பேன்.

குணா எனக்குத் தம்பி முறை. கிள்ளைக்குப் பக்கத்தில், உப்பங்கழியை ஒட்டி இறால் குளம் வைத்திருக்கிறான். இறால் வளர்ப்பவன் போன் செய்தால் நல்ல செய்தியாக இருக்கும் என்று எதிர்பார்க்க முடியுமா? மழை பெய்தால் கவலை. பெய்யாவிட்டாலும் கவலை. கரண்ட் போனால்... சொல்லவே வேண்டாம். குளம் அவனுடையது, பிரஷர் மட்டும் எனக்கு ஏறும்.

நான் அப்படிப்பட்ட ஆள் என்று இந்தப் பக்கத்தை விடாமல் படிக்கிறவர்களுக்குத் தெரியும். நெல்லிக்குப்பத்திலிருந்து ஒரு வாசகி, "உங்கள் கட்டுரையைப் படித்துவிட்டு எழுந்துபோய் கேஸ் சிலிண்டரை மூடியிருக்கிறேனா என்று பார்த்தேன்" என்று எழுதியிருந்தார். நல்ல காரியம் அம்மா. இன்னொரு தடவையும் பார்த்துவிடுங்கள்.

சித்திரை வெயிலில் ஒரு நாள் அந்த போன் வந்தது.

"அண்ணே, வெளிநாட்டு சூப்பர் மார்க்கெட்டுக்காக ஆளு வராங்க."

"உன் குளத்துக்கா?"

"ஆமாண்ணே. சென்னையிலேர்ந்து இன்ஸ்பெக்ஷன் பண்ற மேடம் ஒருத்தர அனுப்பறாங்களாம். நீங்க வந்து கூட நில்லுங்க. பத்திரிகையில எழுதறவரு, பேசத் தெரிஞ்சவரு."

எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன் நான். என்னைப் பேசத் தெரிந்தவன் என்று நம்ப உலகத்தில் ஓர் ஆள் இருக்கும்போது போகாமல் இருக்க முடியுமா? கடலூரில் பஸ் ஏறி, சிதம்பரத்தில் இறங்கி, கிள்ளை பஸ் பிடித்தேன்.

குளத்தங்கரையில் குணா என்னைவிட மோசமாக இருந்தான். முகத்தில் இரண்டு நாள் தாடி.

"எதுக்குடா இவ்வளவு பயம்? இறால் நல்லாத்தான இருக்கு?"

"இறால் நல்லாதாண்ணே இருக்குது. மார்க்கெட்டுதான் நல்லால்ல. அமெரிக்காக்காரன் வரியப் போட்டுட்டான். ஈக்வடார்னு ஒரு நாடாம், அவன் நம்மளவிட ஜாஸ்தி வளக்கறான், மலிவா வேற குடுக்கறான். நம்ம ஏத்துமதி கம்பெனி, நான் ஐரோப்பாவுக்குப் போறேன்னு கெளம்பிட்டான். அங்க போவணும்னா இந்த மேடம் சரின்னு சொல்லணும்."

"சொல்லலைன்னா?"

"கம்பெனி எடுக்காது. லோக்கல் வியாபாரி சொல்ற வெலைக்குத் தள்ளணும். போன அறுவடைய அப்பிடித்தான் தள்ளினேன். இன்னொரு தடவ தள்ளினா குளத்த மூடிட்டுப் போவ வேண்டியதுதான்."

முன்பெல்லாம் வியாபாரி குளத்துக்கு வந்தால் கேட்பது ஒரே கேள்வி. கிலோவுக்கு எத்தனை இறால் நிற்கும்? அவ்வளவுதான். பிறகு, மருந்து போட்டாயா என்று கேட்டார்கள். அப்புறம், குஞ்சு எங்கே வாங்கினாய், தீவனத்தில் என்ன சேர்த்திருக்கிறான், அந்தத் தீவனத்துக்கான சோயா எந்தக் காட்டை அழித்து விளைந்தது, உப்பங்கழியோரச் சுரபுன்னைக் காட்டை வெட்டிக் குளம் எடுத்தாயா... கேள்விகள் நீண்டுகொண்டே போயின. எங்கோ குளிர் தேசத்தில் கண்ணாடிப் பெட்டிக்கு முன்னால் நின்று இறால் பாக்கெட்டை எடுக்கும் ஓர் அம்மாவுக்கு இதெல்லாம் தெரிய வேண்டுமாம். தெரிந்துகொள்ளட்டும், நல்லதுதானே?

குணா தயாராகத்தான் இருந்தான். தீயணைக்கும் சிலிண்டர் புதிதாகத் தொங்கியது. முதலுதவிப் பெட்டி வந்திருந்தது. 'குழந்தைத் தொழிலாளர் இல்லை' என்று போர்டு. நாயைக்கூடக் கட்டிப் போட்டிருந்தான். நான் என் பங்குக்கு எல்லாவற்றையும் சுற்றிப் பார்த்துப் பயந்தேன். ஜெனரேட்டர் ஒயர் தளர்ந்திருக்கிறதே என்றேன், கரையில் மேடத்துக்குக் கால் வழுக்குமே என்றேன், குடிக்கத் தண்ணீர் வாங்கி வைத்தாயா என்றேன்.

நடக்கப்போவதைத் தவிர மற்ற எல்லாவற்றுக்கும் கவலைப்பட்டு முடித்திருந்தேன். கவலைக்காரர்களின் ராசியே அதுதான்.

கரையில் ரவி நின்றிருந்தான். துவைத்த சட்டை, படிய வாரிய தலை. ரவி, குணாவின் மனைவி செல்விக்குக் கூடப்பிறந்த தம்பி. நாற்பதை நெருங்குகிறவன். கடலூர் பக்கம் குடிகாட்டுக்காரன். அங்கே கெமிக்கல் கம்பெனி ஒன்றில் கான்ட்ராக்ட் வேலை பார்த்தான். அந்த வேலை போனபோது குணாதான், "எதுக்கு மச்சான் கவலப்படற, வந்து எங்கூட இரு" என்று அழைத்து வந்தான். அது ஆயிற்று சில வருடங்கள். மனைவியும் மகளும் குடிகாட்டிலேயே இருக்கிறார்கள். குளம் குணாவுடையது. குளத்தோடு இருப்பது ரவி. தண்ணீரை அடித்து இறாலுக்கு மூச்சுக் கொடுக்கும் ஏரேட்டர் சக்கரம் சுற்றும் சத்தத்தைக் கேட்டுக்கொண்டே கொட்டகையில் படுத்துக்கொள்வான்.

மேடம் வந்தார். முப்பது முப்பத்தைந்து வயதிருக்கும். தோளில் லேப்டாப் பை, காலில் பூட்ஸ். தண்ணீர் பார்த்தார். தீவன மூட்டை பார்த்தார். போர்டைப் படித்தார். எல்லாம் சரி. பிறகு சொன்னார்:

"இப்ப வேலை செய்றவங்ககிட்ட தனித்தனியா பேசணும். நீங்க யாரும் பக்கத்துல இருக்கக் கூடாது."

ஜெனரேட்டர் ஷெட்டுக்குப் பின்னால் பிளாஸ்டிக் நாற்காலி போட்டோம். தீவனம் போட வரும் கூலி ஆட்கள் இரண்டு பேர் முதலில் போனார்கள். வாரச் சம்பளம், வேலை முடிந்ததும் வீடு. சட்டென்று முடிந்துவிட்டது. அடுத்து ரவி போனான். அவன்தான் வரவில்லை, வரவில்லை... ஒரு வழியாகத் திரும்பி வந்தபோது முகமெல்லாம் சிரிப்பு.

"என்னா மச்சான், என்னா கேட்டாங்க?" குணா ஓடினான்.

"எல்லாம் நல்லா சொல்லிட்டேன் மாமா. ஒங்க மானத்தக் காப்பாத்திட்டேன்."

"என்னா சொன்ன?"

"சம்பளம் எவ்ளோன்னு கேட்டுது அந்தப் பொண்ணு. எனக்கு வந்துது பாருங்க கோவம்! நான் என்னா கூலிக்காரனா? இவுரு எங்கக்கா வூட்டுக்காரரு, சம்பளம்னு ஒரு பைசா வாங்கனதில்லன்னு சொன்னேன்."

குணா என் தோளைப் பிடித்துக்கொண்டான்.

"அப்பறம்?"

"ஆதார் கார்டு கையில இருக்குதான்னு கேட்டுது. கொட்டாய் ஒழுவுது, அதான் மாமா வூட்டு பீரோல வச்சிப் பூட்டியிருக்குதுன்னேன்."

"ஐயோ... அப்பறம்?"

"நெனச்சா வூட்டுக்குப் போவ முடியுமான்னு கேட்டுது. நான் எங்கம்மா போறது, கொளத்த விட்டு மாமா என்னை எங்கயும் அனுப்ப மாட்டாருன்னேன். பாசத்துல சொன்னேன் மாமா!"

நான் உட்கார இடம் தேடினேன்.

குணா என்னை ஓரமாக இழுத்தான். "நேத்தே கம்பெனி ஆளு சொன்னாண்ணே. மச்சான்கிட்ட முன்னாடியே பேசி வச்சிடுங்க, சம்பளத்துக்கு ஒரு ஏற்பாடு பண்ணிடுங்கன்னு. எப்பிடிப் பேசறது? கட்டனவளோட தம்பிகிட்ட போயி, நீ என் கூலிக்காரன்னு எந்த வாயால சொல்றது?"

சொல்ல முடியாதுதான். நம் பக்கத்தில் யாரால் சொல்ல முடியும்? மரியாதை என்று நினைத்து வாயை மூடிக்கொண்டிருக்கிறான்.

மேடம் வந்தார். கோபமே இல்லை அவர் குரலில். அதுதான் எனக்கு இன்னும் பயமாக இருந்தது.

"குணசேகரன் சார், ரவி சொன்னதை அப்படியே சொல்றேன், சரியான்னு பாருங்க. சம்பளம் கிடையாது. அடையாள அட்டை உங்க வீட்ல பூட்டியிருக்கு. இந்த இடத்தை விட்டுப் போக அனுமதி இல்ல. தூங்குறதும் வேலை செய்ற இடத்துலயே. சரிங்களா?"

"மேடம், அவன் எம் மச்சான் மேடம்."

"தெரியும் சார். இது எல்லாம் ஒரே ஆளுக்கு இருந்தா எங்க ரூல்ஸ்ல அதுக்கு ஒரு பேர் இருக்கு."

"என்னா பேரு?"

"கொத்தடிமை."

முதலில் சிரித்தது ரவிதான். "யாரு... நானா?" என்று எங்கள் முகங்களை ஒவ்வொன்றாகப் பார்த்தான். கூடச் சேர்ந்து சிரிக்க ஆள் தேடுகிற பார்வை. யாரும் சிரிக்கவில்லை. சிரிப்பு மெல்ல நின்றது. தான் பெருமையாகச் சொன்ன அதே வார்த்தைகள் இன்னொருவர் வாயிலிருந்து திரும்பி வந்ததும் அவனுக்கே வேறு மாதிரி கேட்டிருக்க வேண்டும்.

"போன தீபாவளிக்கு எங்க இருந்தீங்க ரவி?" மேடம் மெதுவாகக் கேட்டார்.

"இங்கதான்."

"உங்க பொண்ணு வயசுக்கு வந்தப்ப சடங்கு வச்சிருப்பீங்களே, அதுக்கு?"

"போனேனே! மாமாதான் எல்லா செலவும் பண்ணாரு. பட்டுப்பொடவ, பந்தல், சாப்பாடு, எல்லாம்." கொஞ்சம் நிறுத்தினான். "பந்திக்குத்தான் நான் இல்ல. ஏரேட்டர் நின்னு போச்சுன்னு போன் வந்துது."

மேடம் அதை எழுதிக்கொள்ளவில்லை. லேப்டாப்பை மூடிவிட்டுச் சொன்னார். "நான் இன்னிக்கே ரிஜெக்ட் பண்ணலாம். பண்ணல. அடுத்த தடவை வர்றதுக்குள்ள மாத்துங்க. மாசா மாசம் பேங்க்ல சம்பளம், லீவு, அவரோட கார்டு அவர்கிட்ட. அவர் மறுபடியும் என்கிட்ட தனியா பேசுவாரு. அவர் வாயால சொல்லணும்."

"இன்னிக்கே போட்டுடறேன் மேடம்!" என்றான் குணா.

"எனக்கு வேணாம்" என்றான் ரவி.

நான் இதை எதிர்பார்க்கவில்லை. மேடமும் எதிர்பார்த்திருக்க மாட்டார்.

"என்னா மச்சான், புரியாம பேசற..."

"எனக்கு வேணாம் மாமா. அக்கா வூட்ல கூலிக்கு இருக்கறான்னு ஊர்ல பேசுவானுங்க. நாளைக்கு எம் பொண்ணுக்கு மாப்ள வூட்லேர்ந்து வந்து, அப்பன் என்னா பண்றான்னு கேட்டா என்னான்னு சொல்றது?"

"மாமாவோட பார்ட்னர்னு சொல்லு!"

ரவி அவனை நிமிர்ந்து பார்த்தான். "நான் பார்ட்னரா மாமா?"

குணா குளத்தின் பக்கம் திரும்பிக்கொண்டான். என்ன சொல்வான்? பார்ட்னர் இல்லை. கூலிக்காரனும் இல்லை. அப்படியானால் இந்த மனிதன் இத்தனை வருடமாக இந்தக் கரையில் என்னவாக இருந்தான்? சக்கரங்கள் பாட்டுக்குத் தண்ணீரை அடித்துக்கொண்டிருந்தன.

அந்த நேரம் பார்த்து செல்வி வந்து சேர்ந்தாள். குணா போன் போட்டு வரச் சொல்லியிருந்தான். ஒரு கையில் சாப்பாட்டுக் கூடை, இன்னொரு கையில் தம்பியின் ஆதார் கார்டு. விஷயத்தை வரும் வழியிலேயே கேட்டுவிட்டாள் போலிருக்கிறது. கண் சிவந்திருந்தது. நேராகத் தம்பியிடம்தான் போனாள்.

"அடிமையாடா நீ எனக்கு? நீ கேட்டு நான் எதயாவது இல்லன்னு சொல்லியிருக்கறனா? பொண்ணுக்கு ஃபீஸ் கேட்ட, குடுத்தேன். அரிசி கேட்ட, மூட்டையோட அனுப்பினேன். ஒம் பொண்டாட்டி ஆஸ்பத்திரியில கெடந்தப்ப யாரு நின்னா? கேட்டப்பல்லாம் குடுத்தனா இல்லியா?"

"குடுத்தக்கா."

"பின்ன?"

ரவி தரையைப் பார்த்துக்கொண்டு நின்றான். அவன் அழுதுவிடுவானோ என்று எனக்குக் கவலை. அழவில்லை.

"கேட்டப்பல்லாம் குடுத்தக்கா. கேக்கறதுதான்... ஃபீஸ் கேக்கலாம். ஆஸ்பத்திரின்னா கேக்கலாம். பெரிய விஷயத்துக்கு வாய் வந்துடுது. போன மழக்காலத்துல செருப்பு வாரு பிஞ்சி போச்சு. ஊக்கு குத்திக்கிட்டு நடந்தேன். ஊக்கு கால்ல ஏறி, சீழ் வெச்சி, அப்பவும் கேக்கல. ஒரு செருப்பு வேணும்னு எப்பிடிக்கா வந்து கேக்கறது? நீ என்னா நெனைப்ப? மாமா என்னா நெனைப்பாரு?"

"செருப்பாடா..." என்றாள் செல்வி. கார்டை அவன் சட்டைப் பையில் வைத்தாள். வைத்த கையை உடனே எடுக்கவில்லை.

குணா முகத்தைத் திருப்பிக்கொண்டு நாயை அவிழ்த்துவிடப் போனான்.

இதில் கெட்டவர் என்று யாரைச் சொல்வீர்கள்? வேலை போனவனைக் கூப்பிட்டு வைத்துக்கொண்ட மாமனையா? மூட்டை மூட்டையாக அரிசி அனுப்பிய அக்காளையா? அவர்கள் கொடுக்காதது எதுவுமே இல்லை. எல்லாம் கொடுத்தார்கள், கேட்டபோது. அங்கேதான் இருக்கிறது சிக்கல். கேட்காமல் கைக்கு வந்து சேர்வதற்குத்தான் சம்பளம் என்று பெயர். நான் கூலி வேலையெல்லாம் பார்த்தவன்தான், இது அன்றைக்குத்தான் எனக்குப் புரிந்தது.

சிதம்பரம் கடைத்தெருவில் ஒரு தடவை நடந்து பாருங்கள். கடலூர் பஸ் ஸ்டாண்டைச் சுற்றி வாருங்கள். துணிக்கடையில், மளிகைக் கடையில், மெஸ்ஸில், "இவன் நம்ம பையன்தான்" என்று தோளில் கை போட்டு அறிமுகப்படுத்தப்படும் ஒருவர் நிற்பார். தங்கச்சி மகன், சித்தப்பா பேரன், சகலையின் தம்பி. சம்பளக்காரனுக்குச் சாயங்காலம் ஆனால் வீடு உண்டு. 'நம்ம பையனுக்கு' கடை சாத்தும் வரை வேலை உண்டு. அவரிடம் ஒரு நாள் மெதுவாகக் கேட்டுப் பாருங்கள், செருப்பு யார் வாங்கித் தருகிறார்கள் என்று.

கிளம்பும்போது மேடத்திடம் நான் ஒன்று கேட்டேன். பேசத் தெரிந்தவன் என்று கூட்டி வந்திருக்கிறானே, ஒரு கேள்வியாவது கேட்க வேண்டாமா?

"மேடம், இவ்வளவு கேட்கிறாங்களே அந்தக் கடைக்காரங்க... ரவிக்குச் சம்பளம் போட்டா குணாவோட செலவு ஏறும். அதுக்குத் தகுந்த மாதிரி இறாலுக்கு விலையை ஏத்துவாங்களா?"

அவர் பூட்ஸில் இருந்த சேற்றைப் புல்லில் தேய்த்துக்கொண்டே இருந்தார். "இந்தக் கேள்வியை எல்லாக் குளத்துலயும் கேக்கறாங்க சார். நான் மேல அனுப்பறேன். பதில் வந்ததில்ல."

நேர்மையான பெண். பொய்யாக ஒரு நம்பிக்கை கொடுத்துவிட்டுப் போகவில்லை. குளிர் தேசத்துக் கடைக்காரருக்கு நியாயமும் வேண்டும், பழைய விலையும் வேண்டும். ரவியின் நியாயத்துக்கான காசு கடைசியில் குணாவின் மடியிலிருந்துதான் போகிறது. இதைச் சொல்லாமல் விட்டால் குணாவுக்கு அநியாயம் செய்தவன் ஆவேன்.

ரவி எப்படிச் சம்மதித்தான் என்று கேட்பீர்கள். செல்விதான். அவள் தம்பியிடம் வாதாடவே இல்லையாம். "சம்பளம் வேணாம்னா வேணாம். நாளைலேர்ந்து நீ எது கேட்டாலும் குடுக்க மாட்டேன். கேக்க வுட மாட்டேன்" என்று மட்டும் சொன்னாளாம். அடுத்த வாரம் பேங்க்கில் கணக்குத் திறந்தார்கள்.

மேடம் மறுபடி வந்தார். ரவியிடம் தனியாகப் பேசினார். இந்த முறை அவன் என்ன சொன்னான் என்று யாருக்கும் தெரியாது, திரும்பி வந்து யாரிடமும் ஒப்பிக்கவில்லை. குளத்துக்கு அனுமதி கிடைத்தது. இறால் கம்பெனிக்குப் போயிற்று. விலை? பழைய விலைதான். குளம் மூடவில்லை, அதுவே இப்போதைக்குப் போதும் என்கிறான் குணா.

ஆனால் ஒரு வருத்தம் அவனுக்கு. "முன்ன மாதிரி இல்லண்ணே. பாத்துப் பாத்துப் பேசறான். நானும்தான். தம்ளர எடுத்துட்டு வாடான்னு சொல்லக்கூட யோசனையா இருக்குது." இருக்கத்தான் செய்யும். உறவுக்குள் கணக்கு வந்தால் ஏதோ ஒன்று கொஞ்சம் விலகித்தான் போகிறது. அதையும் மறைக்க வேண்டாம்.

போன வாரம் குணாவிடமிருந்து போன். உட்கார்ந்துகொண்டு எடுத்தேன்.

"அண்ணே, ரவி ரெண்டு நாளு லீவு. கேக்கலண்ணே, சொன்னான். பொண்ண காலேஜ்ல சேக்கணுமாம், குடிகாட்டுக்குப் போறேன்னுட்டான். செல்வியும் தம்பி கூடவே கெளம்பிட்டா."

"அப்ப குளத்துல யாரு?"

"நான்தான். காலைலேர்ந்து கரையிலதான் நிக்கறேன். பக்கத்துக் கொளத்துக்காரர் வூட்லேர்ந்து சாப்பாடு அனுப்பறேன்னு சொன்னாங்க. மணி மூணாவப் போவுது, இன்னும் காணோம்."

"போன் போட்டுக் கேட்க வேண்டியதுதானே?"

போனில் சக்கரம் தண்ணீரை அடிப்பது கேட்டது.

"சோறு எங்கன்னு எப்பிடிண்ணே கேக்கறது... ஒரு மாதிரியா இருக்குது."

வேறு நாளாக இருந்தால், பதறிப்போய் ஒரு பார்சல் வாங்கிக்கொண்டு நானே கிள்ளைக்குப் பஸ் ஏறியிருப்பேன்.

அன்றைக்கு ரவியின் செருப்பு ஞாபகத்துக்கு வந்தது. ஏறவில்லை.